சந்திக்கு மேலே மூன்று கிலோமீட்டர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காகப் பணி அனுபவம் ஒன்று எழுதித் தரும்படி டிப்போவிலிருந்து கேட்டார்கள். “கொஞ்சம் உற்சாகமா எழுதுங்க சேர், பிள்ளைகளுக்கு ஊக்கமா இருக்கும்” என்று தொலைபேசியில் சொன்னார்கள். உற்சாகம் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். ஓய்வு பெறும்போது எனக்கு ஒரு கேடயம் தந்தார்கள். அதில் ஒரு தேயிலைத் தளிரும் ஒரு லொறியும் பொறித்திருக்கிறது. காபன் வெளியேற்றத்தைக் குறைத்ததற்கான பாராட்டு அது. எப்படிக் குறைத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். படித்து முடித்த பிறகும் உங்கள் ஊக்கம் மிச்சமிருந்தால் சந்தோஷம்.

தொழிலைப் பற்றி உங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பிலிருந்து வரும் உரத்தையும் மருந்தையும் கொட்டகலை டிப்போவில் இறக்கி, தோட்டம் தோட்டமாக லொறியில் அனுப்புகிறோம். எழுத்தராகச் சேர்ந்த நான் போக்குவரத்து அதிகாரியானேன். கடைசி சில வருடங்கள் காபன் கணக்கும் என் தலையில் விழுந்தது. எங்கள் தேயிலையை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் தோட்டத்தைக் கேட்டார்கள்: உங்கள் தேயிலைக்காக எவ்வளவு புகை விட்டீர்கள்? தோட்டம் எங்கள் கம்பனியைக் கேட்டது. கம்பனி என்னைக் கேட்டது. எனக்குக் கீழே கேட்பதற்கு ஆள் இல்லாததால் நான் கணினியைத் திறந்தேன்.

முதல் வருடமே அழகாக ஒரு தவறு செய்தேன். டிப்போவிலிருந்து தோட்டத்துக்குப் போகிற ஓட்டத்தை மட்டும் எழுதினேன். திரும்பி வருகிற லொறியில் சரக்கு இல்லை, சரக்கே இல்லாத ஓட்டத்துக்கு என்ன காபன் என்று விட்டுவிட்டேன். எங்களிடம் ஒரு பெரிய டிரைவர் இருந்தார். எல்லோரும் அப்படித்தான் அவரைக் கூப்பிடுவோம். கினிகத்தேனைப் பக்கத்துச் சிங்களவர். தோட்டத்துத் தமிழை எங்களைவிட வாய் நிறையப் பேசுவார், ‘ஐயா’ என்பதை மட்டும் சிங்களத்தில் ‘மாத்தயா’ என்பார். அவர் பெயரை எழுதப்போவதில்லை, எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கையெழுத்துப் போட வந்தவர் என் கணினித் திரையைக் குனிந்து பார்த்தார்.

“இதுல நான் திரும்பி வந்ததக் காணோமே மாத்தயா?”

“வெறும் லொறிதானே?”

“வெறும் லொறின்னா பட்டினி கெடக்குமா? அதுவும் டீசல் குடிச்சுக்கிட்டுத்தான வருது!”

வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம் பலன் தந்தது. வெறுமையாக வருகிற ஓட்டங்களை எழுதிப் பார்த்த பிறகுதான் நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. வட்டகொடைப் பக்கத்துத் தோட்டங்கள் மூன்றுக்கு மூன்று நாள் தனித்தனி லொறி போய்க்கொண்டிருந்தது. மூன்றையும் பேசிச் சம்மதிக்க வைத்து ஒரே ஓட்டமாக்கினேன். திரும்புகிற லொறிகளில் வெற்றுப் பீப்பாய்களை ஏற்றி வரச் செய்தேன். பெரிய டிரைவர் எந்த ஏற்றத்தில் எந்த கியர் என்று மற்ற டிரைவர்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருடம் எண்கள் நேர்மையாக இறங்கின. அந்த இரண்டு வருடத்துக்காக யாராவது கேடயம் தந்திருந்தால் அதை வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன்.

தாளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தாளில் இல்லாதது என்ன என்று பார்ப்பதுதான் நமது வேலை. பெரிய டிரைவர் இதை எனக்கு ஒரு கேள்வியில் கற்றுத் தந்தார். நானும் கற்றுக்கொண்டதாக நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு டீசலுக்கு வரிசையில் நின்ற காலம் வந்தது. அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். எங்கள் லொறிகளுக்குக் கிடைத்த டீசல் வாரத்தில் பாதி நாளுக்குக்கூடப் போதவில்லை. தலவாக்கலைக்குப் போகிற வழியில் ஒரு தோட்டம் இருக்கிறது, பெயர் வேண்டாம். அதன் மேல் கணக்கு, அதாவது மேல் டிவிஷன், பிரதான பாதையிலிருந்து மூன்று கிலோமீட்டர் செங்குத்தாக ஏற வேண்டிய இடத்தில் இருக்கிறது. குண்டும் குழியுமான பாதை. லொறி முதல் கியரில் முனகிக்கொண்டே ஏறும். அங்கே போய்வர ஆகும் டீசலில் ஹற்றனுக்குப் போய் வந்துவிடலாம் என்று டிரைவர்மார் அலுத்துக்கொள்வார்கள். நான் தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் கணக்குப்பிள்ளையை அழைத்து, இனிமேல் சரக்கைப் பாதை பிரியும் மேல் கணக்குச் சந்தியில் இறக்கிவிடுகிறோம், அதற்கு மேல் டீசல் இல்லை என்றேன்.

“பரவால்ல சேர், ஆளுங்கள விட்டுத் தூக்கிக்கிறோம்” என்றார் அவர்.

தூக்கினார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. அப்போது நாடே எதையாவது தூக்கிக்கொண்டு நடந்துகொண்டுதான் இருந்தது. எரிவாயு சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனவர்களுக்கு நடுவில் உரமூட்டை பெரிய விஷயமாகப் படவில்லை.

டீசல் திரும்பி வந்தது. வருட அறிக்கை போட்டபோது அந்த ஒரு தோட்டத்து வரியில் மட்டும் எண் சட்டென்று விழுந்திருப்பதைப் பார்த்தேன். காரணம் உடனே புரிந்தது. உடனே ஒரு யோசனையும் வந்தது. மேலதிகாரி சொன்னார், கம்பனி கட்டாயப்படுத்தியது என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. யோசனை என்னுடையது. சந்தியில் இறக்குவதை நிரந்தரமாக்கலாம், இதே மாதிரி உச்சியில் இருக்கிற மற்ற டிவிஷன்களுக்கும் செய்யலாம் என்று நானே எழுதிக் கொழும்புக்கு அனுப்பினேன். மறுநாளே பாராட்டித் தொலைபேசி வந்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். சரக்கு போய்ச்சேரும் இடம் சந்திதான் என்று அறிக்கையில் எழுதினால், நாங்கள் காபனைக் குறைத்ததாக ஆகாது. தூரத்தைக் குறைத்து வேலையைப் பாதியில் விட்டதாகத்தான் ஆகும். போன வருடம் புறப்பட்ட இடமும் சேர்ந்த இடமும் இந்த வருடமும் அப்படியே இருந்தால்தான் ஒப்பிட முடியும். ஆகவே, சேருமிடம் மேல் கணக்கு ஸ்டோர் என்றே எழுதினேன். நடுவில் ஒரு வரி சேர்த்தேன்: சந்தி முதல் ஸ்டோர் வரை மூன்று கிலோமீட்டர், கைச்சுமை, காபன் பூச்சியம்.

அந்தப் பூச்சியத்தைத் தட்டும்போது என் விரல் தயங்கவில்லை. நான் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவன். என் அம்மா தலையில் கயிறு மாட்டி முதுகில் கொழுந்து தூக்கியவர். என் சொந்தத்தில் முதுகில் சுமக்காத ஆள் கிடையாது. வெளியூர்க்காரன் ஒருவன் அந்த வரியை எழுதியிருந்தால், மூன்று கிலோமீட்டர் ஏற்றத்தில் மனிதர் சுமப்பதா என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பான். எனக்கு அது யோசிக்க வேண்டிய விஷயமாகவே தெரியவில்லை. மழை பெய்கிற மாதிரி, கொழுந்து துளிர்க்கிற மாதிரி, எங்கள் ஆட்கள் சுமப்பார்கள். அதை ஒரு போக்குவரத்து என்று என் புத்தி எண்ணவே இல்லை.

அறிக்கையைச் சரிபார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு இளம் பெண் வந்திருந்தார். கெட்டிக்காரி. அந்த வரியில் விரலை வைத்தார்.

“கைச்சுமை என்றால் யார் சுமக்கிறார்கள்?”

“தோட்டத்து ஆட்கள் மிஸ்.”

“அவர்களை எந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?”

“மனுசன் விடுற மூச்சை இன்னும் யாரும் காபன் கணக்கில் சேர்க்கல மிஸ்” என்றேன். அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். ஒரு நல்ல கேள்வியை நான் நகைச்சுவையால் கொன்றேன். கூட்டத்தில் யாராவது உங்களைச் சிரிக்க வைத்தால், சிரித்து முடித்த பிறகு அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள்.

இந்த நகைச்சுவை பிறகு பெரிய டிரைவர் காதுக்கும் போனது, அவர் சிரிக்கவில்லை. ஓட்டப் புத்தகத்தில் குறிப்பு எழுதுவதற்கென்று ஒரு பத்தி உண்டு. எல்லா டிரைவர்மாரும் அதில் டயர் பஞ்சர், மண்சரிவு என்று எழுதுவார்கள். இவர் அந்தச் சந்தியில் இறக்குகிற நாட்களில் யார் எதைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று பெயர் பெயராக எழுத ஆரம்பித்தார். இன்னார் ஒரு மூட்டை, இன்னார் ஒரு கேன். நான் கூப்பிட்டுக் கேட்டேன்.

“எதுக்கு இந்தக் கதையெல்லாம்?”

“கதையா? லொறியில ஏத்துனா லொறி நம்பர் எழுதுறோம். ஆள் மேல ஏத்துனா ஆள் பேர எழுத வேணாமா மாத்தயா?”

“வேணாம். பஞ்சர் ஆனா மட்டும் எழுதுங்க.”

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். அதற்குப் பிறகு எழுதவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு மழை நாளில், சந்தியில் பெண்கள் நனைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, லொறியை மேலேயே ஏற்றிவிட்டார். அன்றைய டீசல் எண் துருத்திக்கொண்டு நின்றது. நான் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். முப்பது வருடத்தில் அவர் வாங்கிய ஒரே கடிதம் அதுதான். வாசித்துவிட்டு நான்காக மடித்தார்.

“லொறியில தண்ணிக் கேன் இருக்கு, கையுறை இருக்கு, மருந்து சிந்துனா போட மணல் வாளி இருக்கு. எனக்கு மூணு நாள் கிளாஸ் எடுத்தீங்க. அந்தப் பொம்பளைங்களுக்கு என்ன குடுத்தீங்க மாத்தயா?” என்றார்.

நான் கடிதத்தின் பிரதியை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் கேட்டது சரி என்பது ஒரு காரணம். அவர் எனக்குக் கீழே வேலை செய்கிறவர் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரியது என்று இன்று தெரிகிறது.

இனி புஸ்பராணியைப் பற்றி. நாற்பது வயதுக்குக் கொஞ்சம் கீழே இருப்பார். மேல் கணக்கில் கொழுந்து எடுக்கிறவர். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தோட்டத்துப் பெயர்ப்பட்டியலில் அந்தக் குடும்பத்தில் இருந்தது புஸ்பராணியின் பெயர் மட்டும்தான். குடியிருக்கும் லயத்துக் காம்பரா, தோட்டத்து ஆஸ்பத்திரி எல்லாமே அந்தப் பெயரில் தொங்கிக்கொண்டிருந்தன. பெயரை வெட்டினால் எல்லாம் போய்விடும். தோட்டத்தில் பிறந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அன்று ஆண்களெல்லாம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போயிருந்தார்கள். சந்தியில் எங்கள் லொறி களை கொல்லும் புல்லு மருந்துக் கேன்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. ஓட்டியது வேறு டிரைவர். மத்தியானம் கொழுந்து நிறுத்து முடிந்ததும், ஆளுக்கொரு கேனைத் தூக்கி வந்து ஸ்டோரில் போடச் சொல்லிக் கணக்குப்பிள்ளை பெண்களை அனுப்பியிருக்கிறார்.

மருந்துக் கேன் நிமிர்ந்து நிற்க வேண்டும், மூடி மேலே பார்க்க வேண்டும் என்பது நமக்கு அரிச்சுவடி. வெப்பமான கொழும்பில் இறுக்கிய மூடி இந்தக் குளிருக்கு ஏறி வரும்போது இளகும், அதனால் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தி மூடியை இறுக்கிப் பார்ப்போம். இதெல்லாம் புஸ்பராணிக்கு யார் சொன்னது? அவருக்குத் தெரிந்த சுமை ஒன்றே ஒன்று. கேனைக் கொழுந்துச் சாக்கில் படுக்கப் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டி, முதுகில் தொங்கவிட்டு நடந்தார். பாதி வழியில் களைத்துப்போய், ஒரு மதகில் சாக்கை இறக்கி வைக்க முன்னால் குனிந்திருக்கிறார். கேனின் வாய் கழுத்துப் பக்கம் இருந்தது. இளகிய மூடி பிடுங்கிக்கொள்ள, மருந்து பிடரி வழியாகத் தலையில் ஊற்றி இரண்டு கண்ணிலும் இறங்கியது.

கண்ணில் மருந்து பட்டால் உடனே கழுவ வேண்டும், கால் மணி நேரமாவது விடாமல் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். தண்ணீர் விழும் பீலி அங்கிருந்து பத்து நிமிட நடை. கூட வந்த மேரி என்ற பெண் தன் போத்தலைத் திறந்து கையில் இருந்ததை ஊற்றியிருக்கிறார். போத்தலில் இருந்தது சாயத்தண்ணி, பால் ஊற்றாத தேநீர். அது தீர்ந்ததும் முந்தானையால் துடைத்திருக்கிறார். புஸ்பராணி கத்தக் கத்தத் துடைத்திருக்கிறார்.

இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் எப்போதும் ஒரு புகை நிற்கிறது என்றார்கள்.

இதைக் கணக்குப்பிள்ளைதான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். நான் முதலில் என்ன கேட்டேன் என்று சொல்லட்டுமா? “சந்தியில் சரக்கு ஒப்படைச்ச சீட்டில நீங்க கையெழுத்துப் போட்டாச்சுதானே?” என்று கேட்டேன். கண்ணைப் பற்றிப் பிறகுதான் கேட்டேன். நெருக்கடி வரும்போது உங்கள் வாயிலிருந்து விழுகிற முதல் கேள்வியைக் கவனித்துப் பாருங்கள். நீங்கள் யார் என்பது அதில் இருக்கும்.

மறுவாரம் கொழும்பிலிருந்து பொது மேலாளர் வந்தார். கத்தவில்லை, மிரட்டவில்லை. தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்டார்.

“நம்ம பொறுப்பு எங்க முடியுது?”

“சீட்டுப்படி சந்தியில சேர்.”

“அப்ப அதைத்தான் நாம சொல்லப்போறோம்.”

அந்த நேரம் என் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, விபத்தை விசாரிக்கும் அரசாங்க அலுவலகமான தொழில் கந்தோருக்கு அனுப்ப வேண்டிய கடிதம்: எமது விநியோகம் சந்தியில் நிறைவடைகிறது. மற்றது, வெளிநாட்டுக்காரர்களுக்கு அனுப்ப வேண்டிய வருட அறிக்கை: எமது விநியோகம் மேல் கணக்கு ஸ்டோரில் நிறைவடைகிறது, கடைசி மூன்று கிலோமீட்டர் கைச்சுமை. பாராட்டு வாங்கும்போது அந்த மூன்று கிலோமீட்டர் எங்களுடையது. பழி வரும்போது அது எங்களுடையது இல்லை. இரண்டிலும் கையெழுத்துப் போட வேண்டியவன் நான் ஒருவன்தான். அந்த இரண்டாம் தாளை எடுத்துத் தொழில் கந்தோரில் கொடுத்திருந்தால் போதும். வேலையில் நேர்ந்த விபத்து என்று அது பதிவாகியிருக்கும். புஸ்பராணிக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் ஒரு இலகுவான வேலை கிடைத்திருக்கும். பின்னால் வெட்டுப்பட்ட அவர் பெயர் பட்டியலில் இருந்திருக்கும். ஓய்வுக்கு எனக்கு ஒரு வருடம்கூட இல்லை. இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன்.

கண்ணில் போட்ட கட்டை அவிழ்த்த பிறகு புஸ்பராணி மேரியைக் கூட்டிக்கொண்டு டிப்போவுக்கே வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“ஒரே ஒரு கடுதாசி குடுங்க சேர். ஒங்க சாமானத் தூக்கிட்டுப் போறப்பத்தான் இப்புடி ஆச்சுன்னு. வேற ஒண்ணும் வேணாம்.”

“தோட்டத்துல கேட்டீங்களாம்மா?”

“அங்க என்னா சொல்றாங்கன்னா, அன்னைக்கு நான் கொழுந்துதான் எடுத்தேனாம். பேரு போடுற செக்ரோல்ல அப்புடித்தான் இருக்காம். கொழுந்து எடுக்கிறவ கண்ணுல எப்புடி மருந்து விழும்னு என்னையவே கேக்கிறாங்க.”

“சந்தியோட எங்க பொறுப்பு முடிஞ்சிருதும்மா.”

“அப்ப சந்திக்கு மேல யாரு சேர் பொறுப்பு?” என்று மேரி கேட்டார்.

நான் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன். அடுக்க வேண்டிய அளவுக்கு அவை கலைந்திருக்கவில்லை. அவர்கள் போன பிறகு பெரிய டிரைவர் வாசலில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“பேர எழுத வேணாம்னு சொன்னீங்க. எழுதியிருந்தா எல்லா டிரைவருக்கும் அது பழக்கமாயிருக்கும். இன்னைக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு எடத்துலயாவது பேரு இருந்திருக்கும்” என்றார். அன்று என்னை அவர் மாத்தயா என்று அழைக்கவில்லை. அதன் பிறகும் அழைக்கவில்லை.

ஹற்றன் தொழில் கந்தோரில் விசாரணை வைத்தார்கள். பெரிய டிரைவர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தார். அன்றைக்கு அவரைக் கொழும்பு ஓட்டத்தில் போட்டேன். ஓட்டப் பட்டியல் போடுவது என் வேலை, யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். மேரி சொன்னார், கணக்குப்பிள்ளை ஐயாதான் தூக்கச் சொன்னார் என்று. கணக்குப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, வீட்டுக்குப் போகிற வழியில் அவர்களாகவே உதவிக்குத் தூக்கினார்கள் என்றார். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் மேலே தோட்டத்தை நிர்வகிக்கும் துரை இருக்கிறார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர். நான் ஏதாவது ஒரு நூலைக் கொடுத்தால் பிடித்துக்கொள்ளக் காத்திருந்த மாதிரி இருந்தது அவர் முகம். உங்கள் கம்பனி சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இடம் எது என்று சிங்களத்தில் கேட்டார்.

சந்தி என்று சிங்களத்தில் சொன்னேன்.

“நிச்சயமா? சந்திக்கு மேலே உங்களுக்குச் சம்பந்தமில்லையா?”

“இல்லை.”

அவர் எழுதிக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் புஸ்பராணிக்குத் தமிழில் சொன்னார். அவர் தலையை ஆட்டினார், கேட்டது புரிந்தது என்கிற மாதிரி. அவ்வளவுதான். முழு விசாரணையும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

வெளியே மழை. கம்பனி வாகனத்தில் ஏறப் பிடிக்காமல், பஸ் நிலையத்துக்கு நடந்து தலவாக்கலை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். என் வீடு வட்டகொடைப் பக்கம். பஸ் நிரம்பிவிட்டது. கொட்டகலையில் என் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்துபோக, கூட்டத்தில் யாரோ ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து அதில் உட்கார வைத்தார்கள். கறுப்புக் கண்ணாடி. புஸ்பராணி. மேரி பின்னால் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றார். நான் இருந்தது புஸ்பராணியின் இடது பக்கம். அந்தப் பக்கத்தில் அவருக்கு எதுவும் தெரியாது.

எழுந்து போயிருக்கலாம். எழுந்தால் தெரிந்துவிடுமே என்று அசையாமல் இருந்தேன். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் அவர் தோள் என் தோளில் இடித்தது. ஒவ்வொரு முறையும் “மன்னிச்சுக்கிருங்க” என்றார். ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருந்தது. சிறிது நேரத்தில் முகத்தைத் திருப்பாமலே கேட்டார்.

“அண்ணே, மேல் கணக்குச் சந்தி வந்தாச் சொல்றீங்களா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது.”

நான் “ம்” என்றேன். குரல் வெளியே வராதபடி தொண்டைக்குள்ளேயே சொன்னேன்.

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தச் சந்தி எனக்கு எவ்வளவு பழக்கமான எழுத்து! நூறு தாள்களில் எழுதியிருக்கிறேன். கண்ணால் சரியாகப் பார்த்தது அன்றுதான். ஒரு பெட்டிக்கடை, ஒரு சாமி மாடம், இடது பக்கம் மேகத்துக்குள் ஏறிப்போகிற சேற்றுப் பாதை. முப்பது வருடத்தில் நான் ஒரு தடவையும் அதில் நடந்து ஏறியதில்லை. பஸ் வேகம் குறைந்தது. வேறு வழியில்லை, வாயைத் திறக்கத்தான் வேண்டும்.

“சந்தி வந்திருச்சும்மா.”

எழுந்தவர் அப்படியே நின்றார். அந்தக் குரலை அன்று காலையில்தான் கேட்டிருந்தார். இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை முழுவதும் திருப்பி, புகை மூடிய அந்த ஒற்றைக் கண்ணால் என்னைத் தேடிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“நீங்களா சேர்” என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “சரிங்க. இதுக்கு மேல நாங்க நடந்துக்கிறோம்.”

மேரி முன்னால் வந்து அவர் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் மழையில் இறங்கினார்கள். நடத்துநர் என்னைப் பார்த்து, நீங்களும் இந்தச் சந்தியா என்று கேட்டார்.

இல்லை, தலவாக்கலை என்று சொன்னேன்.